மைக்செட்காரர் பதில்கள்: எதிர்ச்சுவரில் மோதிய பாட்டு

போன மாதம் கோட்டையூர்ப் பொட்டலில் நடந்த நாட்டுப்புறக் கச்சேரி பற்றித்தான் இந்தத் தடவை முக்கால்வாசிக் கடிதங்கள். எதிர்ப்புப் பாட்டு பாடிப் பேர் வாங்கிய பாடகர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த மாதம் கடிதமெல்லாம் அவருக்கே வரும், இந்தப் பக்கம் என் கையை விட்டுப் போய்விடும். அன்றைக்கு மைக்செட் எங்கள் கடையுடையது. மகன் ஒயர் இழுத்தான், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே திட்டெல்லாம் எனக்குத்தான் சேர வேண்டும். சேர்ந்திருக்கிறது.

முதல் மூன்று பாட்டு வரை பறை நெஞ்சில் இடித்ததே தவிர ஒரு வார்த்தை புரியவில்லை. நான்காவது பாட்டிலிருந்து பளிச்சென்று கேட்டது. நடுவில் என்ன செய்தீர்கள்?
– கல்லூரி மாணவி, அமராவதிபுதூர்

காது உள்ள பிள்ளை. தப்பு பாடகருடையது இல்லை தாயே, என்னுடையது.

நம் ஊர் வீடுகள் உனக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் போய் முடியும். அந்தப் பொட்டலில் மேடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய வீட்டின் பக்கச்சுவர். ஜன்னல் கிடையாது, மரம் கிடையாது, வழவழவென்று சுண்ணாம்பு பூசிய சுவர். மேடையிலிருந்து ஐம்பது மீட்டர் இருக்கும். சத்தம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். போய்த் திரும்ப நூறு மீட்டர் என்றால் கால் விநாடிக்கும் கொஞ்சம் மேலே ஆகிறது. மெதுவான பாட்டு என்றால் தாங்கும். இவர் பாடுவது பறை வேகத்தில். முந்தின வார்த்தை சுவரில் முட்டிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் தலையில் உட்கார்ந்துகொண்டது. நானோ பெட்டிகளை இரண்டடுக்காக உயர்த்தி, சுவரைப் பார்த்தே நிறுத்தியிருந்தேன். போதாததற்கு, திருவிழாப் பழக்கத்தில் எதிரொலி கூட்டுகிற எக்கோவையும் திருகி வைத்தேன். பறைக்கு ஒரு மைக் வேறு. பறைக்கு எதற்கு மைக்? கல்யாண வீட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் டியூப் லைட் கட்டின கதைதான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேடை ஓரம் வந்து என்னை விரலால் கூப்பிட்டார். மூன்று காரியம் சொன்னார். பறை மைக்கை எடுத்துவிடுங்கள். எக்கோவை அடியோடு அணையுங்கள். இரண்டும் நியாயம். மூன்றாவதாக, காலடியில் இருக்கிற மானிட்டரையும் நிறுத்தச் சொன்னார். மானிட்டர் என்றால் பாடுகிறவருக்கு அவர் குரல் கேட்பதற்காக அவரைப் பார்த்து வைக்கிற பெட்டி. நாற்பத்தைந்து வருஷத்தில் "எனக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்று கெஞ்சின பாடகர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அணைக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"அது இருந்தா எனக்கு என் குரல்தான் கேக்குதுண்ணே. இவுக பாடுறது கேக்க மாட்டேங்குது" என்றார்.

அதற்குள் மகன் மேல்தட்டுப் பெட்டிகளை இறக்கி, பின்பக்கத்துக்குச் செங்கல் கொடுத்து, சனத்தின் தலையைப் பார்த்து முகம் குனிய வைத்துவிட்டான். ஆள்மேல் விழுந்த சத்தம் அவ்வளவாகத் திரும்பாது. துணியும் உடம்பும் குடித்துவிடும். நீ கேட்ட "பளிச்" அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது பாட்டில் அவர் அடியை முடித்து மைக்கை நீட்டினார். கூட்டம் வாங்கிப் பாடியது. அந்த நேரம் ஒயரைச் சரிசெய்யக் குனிந்ததில் என் முழங்கை மிக்சரில் சத்தம் ஏற்றி இறக்குகிற ஃபேடரில் பட்டு மேடைச் சத்தம் இறங்கிவிட்டது. பதறி நிமிர்ந்தால், கூட்டத்தின் சத்தம் இரண்டு மடங்காகியிருந்தது. பெட்டிச் சத்தம் அமுங்கினதும் அவரவருக்கு அவரவர் குரலே கேட்டிருக்கிறது. பக்கத்து ஆள் பாடுவதும் கேட்டிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே ஒரு விரல்கடை இறக்கினேன். இத்தனை வருஷமும் ஏற்றிக்கொண்டே இருந்தவன் நான்.

வட்டிக்கடை, கோவில் திருப்பணி, கல்யாணம் என்று இருந்த சீமை நம்முடையது. எதிர்ப்புப் பாட்டுக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்? வெளியூர்ச் சரக்கை இங்கே ஏன் இறக்குகிறீர்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தேவகோட்டை

தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா ஐயா? 1942 ஆகஸ்டில் உங்கள் ஊர்க் கோர்ட்டுக் கட்டடம் எரிந்தது. விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை மீட்கத் திருவாடானைச் சிறையையே ஜனங்கள் உடைத்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டா நடந்து போயிருக்கும்?

குன்றக்குடி தாண்டிச் சிராவயலுக்குப் போயிருப்பீர்கள், மஞ்சுவிரட்டு பார்க்கவாவது. அங்கேதான் இருபதுகளில், பிற்பாடு பொதுவுடைமைத் தலைவரான ஜீவா ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்தார். அந்த ஜீவாதான் பின்னாளில் 'காலுக்குச் செருப்புமில்லை' எழுதினவர். தொழிலாளர் ஊர்வலங்களில் ஒரு தலைமுறையே பாடிக்கொண்டு நடந்த பாட்டு. அதைப் பாடச் சங்கீத ஞானம் வேண்டாம், சுருதிப்பெட்டி வேண்டாம். நடக்கிற காலே தாளம்.

அதற்கும் முன்னால், 1919-ல் பாரதி கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தார். முண்டாசு கட்டி, கையில் தடியோடு நிற்கிற பாரதி படத்தைப் பாதிக் கடைகளில் மாட்டியிருக்கிறார்களே, அது காரைக்குடியில் எடுத்தது. இந்து மதாபிமான சங்கத்தார் உபசரித்தார்கள், அவரும் சங்கத்தை வாழ்த்திப் பாட்டு எழுதிக் கொடுத்தார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்காக வரிந்துகட்டி நின்று 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வைத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? தமிழ் ஊரில் தமிழில் பாடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது, கேட்டார்கள். அதுவும் எதிர்ப்புதான். என்ன, பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தது.

சரக்கு உள்ளூர்தான் ஐயா. கிட்டங்கி மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

எங்கள் ஊர் ராமானுஜ ஐயங்கார் கச்சேரி என்றால் இன்னது முதலில், இன்னது பின்னால் என்று வரிசை வகுத்துக் கொடுத்தார். இந்தக் கச்சேரியில் வரிசையும் இல்லை. ஒரே அடியைப் பத்துத் தடவை பாடுகிறார். பொறுமை போய்விட்டது.
– சங்கீத ரசிகர், அரியக்குடி

வர்ணத்தில் தொடங்கிக் கடைசியில் துக்கடாவில் முடிகிற அந்த வரிசையைக் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் மிக்சருக்குப் பின்னால் இருந்து நானும் மனப்பாடம் ஆகிற அளவு கேட்டவன்தான். அதனால் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். பல்லவி பாடும்போது ஒரே அடியை அரைமணி நேரம் பாடுகிறார்களே, அப்போது மட்டும் பொறுமை எங்கிருந்து வருகிறது?

நடவு வயலில் ஒரு பெண் அடியைக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். குனிந்த முதுகுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். கொடுத்தவளுக்கோ அடுத்த அடியை இட்டுக்கட்ட நேரம் வேண்டும். திருப்பிப் பாடுகிற அந்த இடைவெளிதான் அவளுடைய பட்டறை. இவரும் அதே முறைக்காரர். அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு வேனை விட்டு இறங்கினதும் பொட்டலுக்குப் பக்கத்து ஊருணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் என்னமோ இயற்கை உபாதை என்று நினைத்தேன். ஏழாவது பாட்டில் நடுவே வருகிறது:

ஊருணித் தண்ணி ஊரைச் சுமந்தது அந்தக் காலம் – இப்ப
ஊருக் குப்பையை ஊருணி சுமக்குது இந்தக் காலம்

'அந்தக் காலம்' என்று இவர் நிறுத்த, 'இந்தக் காலம்' என்று பெண்கள் பக்கம் எடுத்துக்கொண்டது. பத்துத் தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணினேன், பதினான்கு. ஆறாவது தடவையில் ஒரு ஆச்சி எழுந்து நின்று ஊருணி இருக்கிற திசையைக் கைநீட்டிக் காட்டினார். ஒன்பதாவது தடவையில் முன்வரிசைப் பிரமுகர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் முக்கியமான செய்தி வந்துவிட்டது. மூன்று தடவையோடு நிறுத்தியிருந்தால் இந்த வேடிக்கை கிடைத்திருக்குமா?

அநீதியை எதிர்த்துப் பாடுகிறவர் காசு வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

அவரோடு சேர்த்து ஏழு பேர், ஒரு வேன், திரும்பிப் போக ராத்திரி முழுக்க ஓட்டம். நான் வாடகை வாங்கினேன், பந்தல்காரர் வாங்கினார், ஜெனரேட்டர்காரர் முன்பணமே வாங்கினார். எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை. நாயனக்காரருக்கு வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்தால் சன்மானம், பறைக்காரர் கை நீட்டினால் மட்டும் கொள்கைக் குறைவா?

மேடைக்குப் பின்னால் பறையை நெருப்பில் காட்டினார்களே, எதற்கு? எரிந்துவிடாதா?
– எட்டாம் வகுப்பு மாணவன், புதுவயல்

நல்ல கேள்வி தம்பி. பறையின் முகம் தோல். காற்றில் ஈரம் இருந்தால் தோல் தொய்ந்துபோகும், அடித்தால் 'பொத்' என்று கேட்கும். வைக்கோலோ பழைய தாளோ போட்டு எரித்து அந்த அனலில் காய்ச்சினால் தோல் இறுகி 'கணீர்' என்றாகும். தீயில் வைப்பதில்லை, அனலில் காட்டிக் காட்டி எடுப்பார்கள்; விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். பனி விழுகிற ராத்திரியில் நாலு பாட்டுக்கு ஒரு தடவை காய்ச்ச வேண்டியிருக்கும். கையில் இரண்டு குச்சி இருந்ததைப் பார்த்திருப்பாய். தடித்தது அடிக்குச்சி, மெலிந்து நீண்டது சிண்டுக்குச்சி. இப்போது நெருப்பே கேட்காத பைபர் முகம் வந்துவிட்டது. மழைக்கு நல்லதுதான். என் காதுக்கு அது தகர டப்பா.

பறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, பெரியவர்களும் படிக்கட்டும். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நாயனத்துக்கு இரண்டு மைக், தவிலுக்கு ஒன்று என்று கட்டியிருக்கிறேன். பறைக்காரர்கள் தெருமுனையில் நிற்பார்கள். அவர்களுக்கு மைக் கட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை, கட்டட்டுமா என்று நானும் கேட்டதில்லை. மேலே பறைக்கு மைக் வேண்டாம் என்று சொன்னது சத்தக் கணக்கு. இது வேறு கணக்கு. கோட்டையூரில் பறை மைக்கைக் கழற்றினபோது அதை வாசித்த பையன் முகம் ஒரு கணம் சுண்டியது. அப்புறம் பாடகர் அவனை மேடையின் நடுவுக்கு இழுத்து, தன் பாட்டு மைக்கிலேயே பேர், ஊர் சொல்ல வைத்தார்.

நீங்கள் கேட்டதிலேயே பெரிய பாடகர் யார்? தமிழில் ஒருவர், வெளியில் ஒருவர் சொல்லுங்கள்.
– அலுமினியப் பாத்திரக் கடைக்காரர், காரைக்குடி

தமிழில் கே.ஏ. குணசேகரன். நம் சிவகங்கைச் சீமைக்காரர், இளையான்குடி பக்கம் மாறந்தையில் 1955-ல் பிறந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர், நாடகக்காரர், நாட்டுப்புறப் பாட்டு சேகரித்தவர். நேரில் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, கேசட்டில்தான் கேட்டேன். அவர் பாடின 'மனுசங்கடா' பாட்டு கவிஞர் இன்குலாப் எழுதியது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்களே, அந்த நெருப்பிலிருந்து வந்த பாட்டு. எழுதினவர் கீழக்கரைக்காரர், பாடிப் பரப்பினவர் இளையான்குடிக்காரர். இருவருமே 2016-ல் போய்விட்டார்கள், பாடினவர் ஜனவரியில், எழுதினவர் டிசம்பரில்.

தொண்ணூறுகளில் ஒரு வளவு வீட்டுக் கல்யாணம். நாயனம் ஓய்ந்த நேரத்தில் சினிமாப் பாட்டு போடுவது வழக்கம். குழாய் ஸ்பீக்கரைச் சோதிக்க இந்தக் கேசட்தான் வசதி. அந்தக் குரலில் கம்மலும் இல்லை, கீச்சும் இல்லை. போட்டேன். ஒரு சரணம் முடிவதற்குள் பட்டாலையிலிருந்து ஒரு பெரியவர் மேல்துண்டை உதறிக்கொண்டு வந்தார். "இது கல்யாண வீடா, வேற வீடா? எடு அதை." எடுத்துவிட்டேன். சோறு போடுகிற வீடு, என்ன செய்ய.

ராத்திரி பதினொன்றுக்குச் சமையல் நடக்கிற ஆக்குப்பறையிலிருந்து ஒரு ஆள் வந்தார். மறுநாள் விருந்துக்குக் காய் நறுக்குகிறவர், கையெல்லாம் வாழைப்பூக் கறை. "அண்ணே, காலையில ஒரு பாட்டு பாதியில நின்னுச்சே, அதைச் சின்னதா வைக்க முடியுமா?" சின்னப் பெட்டி ஒன்றை ஆக்குப்பறைத் தட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, மூன்று தடவை போட்டேன். அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பத்துப் பேரும் கடைசித் தடவையில் வாய்க்குள்ளேயே பாடினார்கள். நறுக்குகிற வேகம் பாட்டோடு ஏறியது. அந்தக் கல்யாணத்தில் எனக்கு நினைவிருக்கிற கச்சேரி அது ஒன்றுதான்.

வெளியில் என்றால் தெலுங்கில் கத்தர். தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை. 1997-ல் வீடு தேடி வந்து சுட்டார்கள். ஒரு தோட்டாவை உடம்பிலேயே வைத்துக்கொண்டு 2023 வரை ஆடிப் பாடினார். எனக்குத் தெலுங்கு தெரியாது. வீடியோவில் பார்த்தாலும் எந்த இடத்தில் கூட்டம் எடுத்துப் பாட வேண்டும் என்று அவர் தோள் சொல்லிவிடும்.

இப்படிப் பாடினால் போலீஸ் பிடிக்காதா?
– பேருந்து நடத்துநர், கல்லல்

பிடித்திருக்கிறது. 2015 அக்டோபரில் மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடினதற்காகத் திருச்சியில் பாடகர் கோவனைத் தேசத்துரோகப் பிரிவில் பிடித்தார்கள். அடுத்த மாதம் ஜாமீனில் வந்தார். அந்த 124-ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வெள்ளைக்காரன் 1876-லேயே நாடகத்துக்கென்று தனிச் சட்டம் போட்டவன். நாடக நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் 'கொக்கு பறக்குதடி பாப்பா' பாடுவார். கொக்கு வெள்ளை, யாரைச் சொல்கிறார் என்று வாசலில் நிற்கிற போலீசுக்கும் தெரியும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேஷத்திலேயே அவர் உயிர் போனது.

என்னைக் கேட்டால், மைக்செட்காரனுக்குத் தெரிந்த சட்டம் ராத்திரி பத்து மணிச் சட்டம். அதற்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கோட்டையூரில் 9.50-க்கு முடித்துவிட்டோம். பத்துக்கு மேலும் சனம் பாடிக்கொண்டுதான் தெருவில் போனது. அதற்கு என் ஒயர் பொறுப்பில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு 88 வயது. கச்சேரிக்குக் கூட்டிப்போனோம். வீட்டுக்கு வந்ததும் "இவன் பாடுறது என்ன, எங்க ஆத்தா பாடுவாக பாரு" என்று சொல்லி இரண்டு அடி பாடினார்கள். அப்புறம் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்கள். பதிவு செய்ய ஆசை. வழி சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, கண்டனூர்

ஆச்சி, நீங்கள் எழுதியனுப்பிய இரண்டு அடியைப் படித்தேன். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போன புருஷன் மூன்று வருஷக் கணக்கு முடிந்தும் வராமல் அடுத்த கணக்கையும் ஒப்புக்கொண்டதற்கு, அங்கிருந்து வந்த தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா கேட்கிற கேள்வி. தூண் வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்கிறார். கோட்டையூர் மேடையில் கேட்டதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அந்த அடிகளை இங்கே அச்சிடவில்லை, உங்கள் வீட்டுச் சொத்து.

அப்பத்தா ஏன் நிறுத்தினார்கள் தெரியுமா? அது ஒப்பாரி மெட்டு. சாவு இல்லாத வீட்டில் அந்த மெட்டை எடுக்கக் கூடாது என்பது பழைய ஆட்களின் கண்டிப்பு. வற்புறுத்தாதீர்கள். பின்கட்டைத் தாண்டித் தோட்டத்துக்கோ ஊருணிக் கரைக்கோ கூட்டிப்போங்கள், வீட்டுக்கு வெளியே என்றால் பாடுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு மேல் நல்லது. கூட ஒத்த வயதில் இன்னொரு ஆச்சி இருக்கட்டும். எதிர்ப்பாட்டு இல்லாமல் அந்த மெட்டு நகராது. நீங்கள் பாட்டுக்கு முறுக்கோ அவல் பொரியோ கொறித்துக்கொண்டு இருங்கள், செல்போனை நீட்டிக்கொண்டு எதிரே உட்காராதீர்கள். போனை விமான முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர்கள் மடிக்கு ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும். மோட்டார் ஓடக் கூடாது, பக்கத்து வீட்டு மிக்சியும். பாதியில் மறந்துவிட்டால் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவர்களே தேடிப் பிடிக்கட்டும், அந்தத் தேடலும் பதிவாகட்டும். காக்கா கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும். அதை எடுக்கிறேன் இதை எடுக்கிறேன் என்று யாரிடமும் கொடுத்து எக்கோ மட்டும் போட்டுவிடாதீர்கள்.